பத்து ரூபாய் பாக்கெட் கேக்: ஆறு வயசுப் பையன், தினமும் ரெண்டு. லேபிளைப் போட்டிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க

வெயிலுகந்தாள்:

பையனுக்கு ஆறு வயசு, எடை 18 கிலோ. பள்ளிக்கூடம் விட்டதும் வாசல் கடையில ஒண்ணு, விளையாடிட்டு வந்ததும் ஒண்ணுன்னு தினமும் ரெண்டு பாக்கெட் கேக். ராத்திரிச் சோறு ரெண்டு வாய்க்கு மேல இறங்குறதில்லை. மூணு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போறான், அதுவும் கெட்டியா. கீழ்க் கடைவாய்ப் பல்லுல கறுப்பா ஒரு கோடு தெரியுது.

பாக்கெட் பின்னாடி இருக்கிறதை அப்படியே தர்றேன். 50 கிராம், 10 ரூபாய், பேக் பண்ணின நாள்ல இருந்து 4 மாசம்.

சேர்மானம்: மைதா, சர்க்கரை, பாமாயில், முட்டை, இன்வர்ட் சிரப், 422, 420, 471, 475, 500(ii), 450(i), உப்பு, 202, 330, நிறம் 102, சேர்த்த வாசனை.

100 கிராமுக்கு: 408 கிலோ கலோரி, புரதம் 5 கிராம், மாவுச்சத்து 55, அதுல சேர்த்த சர்க்கரை 31, கொழுப்பு 18.5, அதுல நிறைவுற்ற கொழுப்பு 8.5, டிரான்ஸ் 0.1, சோடியம் 300 மி.கி. ஒரு பரிமாறல் 25 கிராம். ஒரு நாள் தேவையில சர்க்கரை 15.5 சதவீதம்னு போட்டிருக்கு.

நாலு மாசம் கெடாம இருக்க என்ன போடுறாங்க, அது பிள்ளைக்கு ஆகுமா? 15 சதவீதம்தானேன்னு விட்டுடலாமா? இதை நிறுத்தினா அந்த நேரத்துக்கு என்ன கொடுக்கிறது?

---

அடுமனை_ஆள்:

முதல் கேள்விக்கு மட்டும் நான். பாக்கி விஷயம் தெரிஞ்சவங்க வருவாங்க.

கேக் கெடாம இருக்கறதுக்குக் காரணம் மருந்து இல்ல, தண்ணிக்கணக்கு. பூஞ்சைக்கு வளர ஈரம் வேணும். அந்த ஈரம் கேக்குக்குள்ள இருந்தும், அதுக்குக் கிடைக்காத மாதிரி கட்டி வைக்கிறதுதான் இந்தத் தொழில். சர்க்கரை, இன்வர்ட் சிரப், 422 (கிளிசரின்), 420 (சார்பிட்டால்) நாலும் அதைத்தான் செய்யுது. நம்ம ஊர் ஊறுகாய்ல உப்பு செய்யற வேலையை இங்க இனிப்பு செய்யுது. பேக்கரில வாங்கற பஞ்சு கேக் சென்னை வெயில்ல மூணு நாலு நாள்ல பூத்துடும், ஏன்னா அதுல ஈரம் கட்டப்படல.

அதுக்கு மேல 202, பொட்டாசியம் சார்பேட். அடுப்புல வேகும்போதே பூஞ்சை வித்து செத்துடும்; ஆறவைக்கும்போதும் வெட்டும்போதும் காத்துல இருந்து மறுபடி வந்து உக்காரும். அதைத் தடுக்கத்தான் இது. புளிப்பு இருந்தாத்தான் சரியா வேலை செய்யும், அதான் கூடவே 330, சிட்ரிக் அமிலம். 471, 475 ரெண்டும் எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிக்கிற ஆளுங்க. 471 இன்னொரு வேலையும் செய்யும்: வெந்த மாவு நாள்பட விறைச்சுப் போறதைத் தள்ளிப்போடும். நாலாவது மாசம் கூட கேக் மெத்துன்னு இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். 500(ii) சமையல் சோடா, 450(i) அதோட சேர்ந்து பொங்கவைக்கிற அமில உப்பு.

அளவு போட்டுப் பாருங்க. கிலோவுக்கு 1 கிராம் சார்பேட்னு தாராளமாவே வச்சாலும், ரெண்டு பாக்கெட்டுல 100 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கடைசியா வச்ச வரம்பு உடம்பு எடையில கிலோவுக்கு 11 மி.கி.; 18 கிலோ பிள்ளைக்கு 198. பாதிதான் ஆகுது. ஆக, 202-ஐப் பார்த்துப் பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது சேர்மானத்துல இரண்டாவதா நிக்கறதைப் பார்த்து. பட்டியல் எடை வரிசைலதான் போடணும்னு சட்டம்; மைதாவுக்கு அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில், முட்டை நாலாவது. அந்த இன்வர்ட் சிரப்பும் சர்க்கரைதான், உருக்கிப் பிளந்த சர்க்கரை. ரெண்டையும் கூட்டினா சர்க்கரை மைதாவையே எட்டிப் பிடிச்சாலும் ஆச்சரியமில்ல.

---

கீரைக்கட்டு:

அக்கா, அந்த 15.5 சதவீதம் உங்க பையனுக்குப் போட்ட கணக்கு இல்லை. லேபிள் சதவீதம் எல்லாமே ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடுற பெரியவருக்கு: சேர்த்த சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சோடியம் 2000 மி.கி. போதாக்குறைக்கு அது 25 கிராம் பரிமாறலுக்கு. பாக்கெட் 50 கிராம். பாதி கேக்கைத் தின்னுட்டு மீதியைக் கிளிப் போட்டு மூடி வைக்கிற ஆறு வயசுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பிள்ளைக்குக் கணக்கு இப்படி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணையில் 4 முதல் 6 வயசுக்கு ஒரு நாளைக்கு 1360 கிலோ கலோரி, புரதம் 16 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னபடி இனிப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கணும், 5-க்குள் இருந்தா இன்னும் நல்லது. 1360-க்கு 10 சதவீதம்னா 34 கிராம் சர்க்கரை, 5 சதவீதம்னா 17 கிராம்.

ஒரு பாக்கெட்டுல 15.5 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம்னு வச்சா கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன். ரெண்டு பாக்கெட் 31. காலைப் பால்ல ரெண்டு ஸ்பூன் போட்டா 39, வரம்பு தாண்டியாச்சு. ஜூஸ், பிஸ்கட், பக்கத்து வீட்டு மிட்டாய் எதையும் இன்னும் எண்ணலை.

நிறைவுற்ற கொழுப்பு ரெண்டு பாக்கெட்டுல 8.5 கிராம். 10 சதவீதக் கணக்குல அவனுக்கு நாள் முழுக்க 15. பாமாயில்ல கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. விலை மலிவு, சீக்கிரம் சிக்கடிக்காது, கட்டியும் இல்லாம தண்ணியும் இல்லாம நிக்கும், அதனாலதான் எல்லாத்துலயும் அது. டிரான்ஸ் 0.1-ன்னு இருக்கறதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை. 2022 ஜனவரியில இருந்து எண்ணெய், கொழுப்புல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துறது வேற. ரெண்டு பாக்கெட் 408 கலோரி, அவனோட நாள் தேவையில முப்பது சதவீதம். அதுல புரதம் 5 கிராம், நார் பேருக்கு, இரும்பு பேருக்கு. சாயங்காலம் நாலுக்கும் ஆறுக்கும் அந்த வயித்துல இது போய் உக்காந்தா எட்டு மணிக்குச் சோறு எங்க இறங்கும்? கேக் என்ன செய்யுதுங்கறதை விட, எதோட இடத்துல உக்காந்திருக்குங்கறதைப் பாருங்க. சோறு, பருப்பு, கீரை, முட்டை நாலும் வெளியே நிக்குது. மலச்சிக்கலுக்கும் அதுதான் முதல் காரணமா இருக்கும்: மைதா உள்ளே, காய் வெளியே, தண்ணியும் குறைவு. பால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போனா அதையும் குறைங்க. பாலும் வயித்தை நிரப்பிச் சோத்தைத் தள்ளும்.

பையன் ஒல்லியா இருக்கான், அதனால கேக் தின்னா சதை போடும்னு சில வீட்டுல கொடுக்கறாங்க. தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள பிள்ளைகள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. இரும்பு குறைஞ்சாலே பசி மந்தமாகும்; பசி இல்லைன்னு மறுபடி கேக். இந்தச் சுத்தைத்தான் அறுக்கணும். கண் இமை உள்பக்கம் வெளுத்திருந்தா, ஆறு மாசமா எடை ஏறாம இருந்தா, மலத்துல ரத்தம் இருந்தா டாக்டர்கிட்ட காட்டி ஹீமோகுளோபின் பார்த்துடுங்க. பூச்சி மாத்திரை பிப்ரவரி, ஆகஸ்ட் முகாம்ல போட்டாங்களான்னும் கேளுங்க.

---

திண்ணைவாசி:

எல்லாம் சரி, ஆனா விலையையும் பாருங்கப்பா. வேலைக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வர்ற அம்மாவுக்குப் பத்து ரூபாயில கிடைக்கறது இதுதான். விஷம் விஷம்னு பயமுறுத்தாதீங்க. அப்புறம் அந்த மாத்திரை வீடியோ உண்மையா? கேக்கைப் பிச்சா உள்ள ரெண்டு மாத்திரை, பிள்ளைங்களுக்குக் கை கால் விளங்காமப் போகும்னு வருஷா வருஷம் வருதே. 471 பன்றிக் கொழுப்புன்னும் சொல்றாங்க.

---

அடுமனை_ஆள்:

விஷம்னு இங்க யாரும் சொல்லலையே.

மாத்திரை வீடியோ 2019-ல ஈராக்கின் குர்திஸ்தான் பக்கத்துல இருந்து வந்தது, கேக் துருக்கித் தயாரிப்பு. வீடியோவை நிதானமாப் பார்த்தா மாத்திரை இருக்கற இடத்துல ஏற்கெனவே துளை போட்ட அடையாளம் தெரியும். நம்ம வாட்ஸ்அப்புக்கு வரும்போது அது சீனாக் கம்பெனி ஆயிடுச்சு. மாவுல மாத்திரையைப் போட்டு வேகவச்சா முழுசா, வெள்ளையா வெளியே வராது. கரையும், இல்லைன்னா நிறம் மாறும். இதைப் பரப்புறதால வர்ற கெடுதி என்னன்னா, ஜனங்க பாக்கெட்டைப் பிச்சு மாத்திரை தேடுறாங்க, பின்பக்கம் திருப்பிச் சர்க்கரையைப் பார்க்கறதில்லை.

471 தாவர எண்ணெய்ல இருந்தும் வரும், விலங்குக் கொழுப்புல இருந்தும் வரும். பச்சைப் புள்ளி போட்ட முட்டையில்லாக் கேக்னா தாவரம்தான், சந்தேகமே வேணாம். முட்டை போட்டதுக்குப் பழுப்பு முக்கோணம் வந்துடும்.

102 பத்தி யாரும் பேசலை. அது டார்ட்ரசின், மஞ்சள் சாயம். இந்தியாவுல அனுமதிச்ச எட்டு செயற்கை நிறத்துல ஒண்ணு, கிலோவுக்கு 100 மி.கி. உச்சம். ஐரோப்பாவுல 2010 ஜூலையில இருந்து 102, 110, 122, 124, 129, 104 ஆறுல எது இருந்தாலும் 'பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம்'ங்கற எச்சரிக்கையைப் பாக்கெட்டுல போடணும். 2007-ல லான்செட்ல வந்த சவுதாம்ப்டன் ஆய்வுதான் அதுக்கு ஆரம்பம். அந்த ஆய்வுல தெரிஞ்ச விளைவு சின்னது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியும் இல்ல. ஆனா கேக்குக்கு மஞ்சள் நிறம் சத்தைக் கொடுக்கறதில்லை, முட்டை நிறைய போட்ட மாதிரி காட்டத்தான் அது. 102 இல்லாத கேக்கும் அதே கடையில, அதே விலைக்கு இருக்கும். எடுத்துத் திருப்பிப் பாருங்க.

பெயர் போன பாக்கெட்டை விட எனக்குப் பயம், பெட்டிக்கடை சரத்துல தொங்கற லேபிளே இல்லாத கேக், ஜாடியில அடைச்ச ரோஸ் கலர் கேக். எந்தச் சாயம், எவ்வளவுன்னு கேக்க ஆளே கிடையாது. 2024 பிப்ரவரியில பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாட்டுல தடை பண்ணினது ரோடமைன்-பி கிடைச்சதால; அது துணிக்குப் போடற சாயம். பாக்கெட்டுல உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்துல இருக்கணும். 124-ன்னு ஆரம்பிச்சா தமிழ்நாட்டு உரிமம், 100-ன்னா மத்திய உரிமம். ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில எண்ணைப் போட்டா கம்பெனி பேர் வரும். வர்ற பேரும் பாக்கெட்டுல இருக்கற பேரும் ஒத்துப்போகணும். பாக்கெட் உப்பியிருந்தா, தையல் ஓரத்துல அழுத்தினா காத்து போனா, தேதி மேல வேற தேதி அடிச்சிருந்தா, பழைய எண்ணெய் வாடை வந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. வெயில் நேரா விழற கடை வாசல்ல தொங்கினா, தேதி பாக்கி இருந்தாலும் எண்ணெய் முந்திக்கும்.

---

பல்லவன்77:

அந்தக் கறுப்புக் கோடு பற்றி. ஆறு வயதில் கீழ்த்தாடையில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு புதுப் பல் முளைக்கும். அது நிரந்தரக் கடைவாய்ப் பல். பெரும்பாலான பெற்றோர் அதைப் பால் பல் என்று எண்ணி 'விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்தால் முளைக்காது. நடுவிலிருந்து எண்ணுங்கள்: ஆறாவது பல் என்றால் நிரந்தரப் பல், இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நான்காவது, ஐந்தாவது என்றால் பால் பல். அதையும் காட்ட வேண்டும், ஏனென்றால் அவை பத்துப் பதினோரு வயது வரை நிற்க வேண்டியவை. இரும்புச் சத்து மருந்து குடித்தாலும் பல்லில் கறுப்புப் படியும். அது மேலே பூசியது போல இருக்கும், குழி இருக்காது.

பல்லுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை விட எத்தனை முறை என்பதே பெரிது. ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போனதும் பல்லின் மேல் அமிலம் கூடும். எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது ஆகும். கேக் இன்னும் மோசம். குழைந்து கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு அங்கேயே ஊறும். ஒரே பாக்கெட்டை விளையாட்டுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் தின்றால், பல் அந்த ஒரு மணி நேரமும் அமிலத்தில் நிற்கிறது. கொடுப்பதென்றால் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள், ஒரே மூச்சில் முடிக்கட்டும், பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கட்டும்.

ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். உள்ள பற்பசை, பட்டாணி அளவு, இரண்டு வேளை. துலக்கிய பின் துப்பினால் போதும். குடம் குடமாகக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு போய்விடும். இரவு துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ஏழெட்டு வயது வரை பெரியவர்தான் துலக்கிவிட வேண்டும். பிள்ளை தானாகத் துலக்கினால் முன்பல் மட்டும் பளபளக்கும். புதுக் கடைவாய்ப் பல்லில் சொத்தை இன்னும் விழவில்லை என்றால் பள்ளத்தை அடைத்துப் பூசும் சீலண்ட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

---

வெயிலுகந்தாள்:

ஆறாவது பல்தான். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். கடையில 'கோதுமை கேக்'னு ஒண்ணு, பழம் போட்டதுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மாத்திடலாமா? ஒரேயடியா நிறுத்தினா தரையில விழுந்து புரள்வான்.

---

கீரைக்கட்டு:

முன்னாடி கோதுமைக் கதிர் படமோ பழப் படமோ போட்டிருந்தா, அது எத்தனை சதவீதம்னு சேர்மானத்துல எழுதியாகணும். திருப்பிப் பாருங்க. கோதுமை மாவு 12 சதவீதம்னு இருந்து மேல மைதா இருந்தா, அது பேர்ல மட்டும் கோதுமை. பழம்னா பெரும்பாலும் சர்க்கரைப் பாகுல ஊறின பப்பாளித் துண்டு. ரெண்டு பாக்கெட்டையும் பக்கத்துல வச்சு, 100 கிராமுக்கு எத்தனை கிராம் சேர்த்த சர்க்கரைங்கற ஒரு வரியை மட்டும் ஒப்பிடுங்க. வேற எதையும் படிக்க வேணாம்.

ஒரேயடியா நிறுத்தாதீங்க. முதல் வாரம் ரெண்டாவது பாக்கெட்டை மட்டும் எடுங்க. இரண்டாவது வாரம் 25 கிராம் துண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம். மூணாவது வாரத்துல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள், எந்த நாள்னு அவனே சொல்லட்டும். சரமா வாங்கி வீட்டுல மாட்டக் கூடாது. சோறு தின்னா கேக் தர்றேன்னு பேரம் பேசவே கூடாது. அப்படிப் பேசினா சோறு தண்டனை, கேக் பரிசுன்னு பிள்ளை கணக்கு வச்சுக்கும்.

நாலு மணிக்கு ஏதாவது ஒண்ணு: வெந்த முட்டை ஒண்ணு (புரதம் 6 கிராம், பத்து ரூபாய்க்குள்ள). இல்லைன்னா 30 கிராம் கொண்டைக்கடலையை முந்தின ராத்திரி ஊறவச்சுக் காலையில குக்கர்ல வேகவச்ச சுண்டல், அதுலயும் கிட்டத்தட்ட 6 கிராம். இல்லைன்னா ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும். நாலு வயசுக்குக் கீழே தம்பி தங்கச்சி இருந்தா முழுக் கடலை கொடுக்காதீங்க, புரையேறும், பொடிச்சுக் கொடுங்க. கடலை மிட்டாய் பரவாயில்லை, ஆனா அதுலயும் பாதிக்குப் பாதி வெல்லம். 20 கிராம் ஒரு துண்டு போதும். மலச்சிக்கலுக்குக் கொய்யாவை விதையோட கொடுங்க. வீட்டுக்கு வந்ததும் முதல்ல ஒரு டம்ளர் தண்ணி.

---

அடுமனை_ஆள்:

கேக்கேதான் வேணும்னு அழுதா, இட்லிப் பானையில செய்யலாம். 13 குழிக்கு: கோதுமை மாவு 120 கிராம், வெல்லத்தூள் 60 கிராம், முட்டை 2, எண்ணெய் 40 மில்லி, புளிக்காத தயிர் 60 மில்லி, நல்லாப் பழுத்த வாழைப்பழம் 1, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை.

மாவு, பவுடர், சோடா, உப்பு நாலையும் ரெண்டு தடவை சலிங்க. சோடா கட்டி ஒரே இடத்துல நின்னா அந்தத் துண்டு மட்டும் சோப்பு மாதிரி கசக்கும், பழுப்புப் புள்ளி விழும். பழத்தை மசிச்சு வெல்லம், முட்டை, எண்ணெய், தயிர் சேர்த்து அடிங்க. இந்த ஈரக் கலவையை எவ்வளவு வேணும்னாலும் அடிக்கலாம். மாவைக் கொட்டின பிறகு கரண்டியால பத்துப் பன்னிரண்டு சுத்து, அவ்வளவுதான். அங்கங்க மாவு திப்பி தெரிஞ்சாலும் விடுங்க. அடிச்சா பசைத்தன்மை ஏறி ரப்பரா வரும். பானையில தண்ணி கொதிச்ச பிறகுதான் கலக்கவே ஆரம்பிக்கணும். கலந்த மாவு காத்திருந்தா பொங்கின காத்து போயிடும். குழியில முக்கால் அளவு ஊத்தி, மூடிக்கு அடியில துணி கட்டி, மிதமான தீயில 12 நிமிஷம். துணி கட்டலைன்னா ஆவி சொட்டி மேல கொழகொழன்னு ஆகும். குச்சி விட்டுப் பாருங்க, ஒட்டக் கூடாது. ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு எடுக்கணும், சூட்டோட எடுத்தா பிஞ்சுடும்.

ஒண்ணுக்குச் சேர்த்த இனிப்பு 4.5 கிராம் சுமார், புரதம் ரெண்டு கிராம் சொச்சம். வெல்லம்னா சத்துன்னு அளவைக் கூட்டிடாதீங்க, பல்லுக்கும் உடம்புக்கும் அதுவும் சர்க்கரைக் கணக்குலதான் வரும். ஈரம் கட்டாத கேக், அதனால ஒரு நாள்தான் வெளிய தாங்கும். மீதியை ஃபிரிட்ஜ்ல மூணு நாள் வச்சு, இட்லிப் பானையில ரெண்டு நிமிஷம் சூடு பண்ணிக் கொடுங்க.

---

திண்ணைவாசி:

பள்ளிக்கூட வாசல் கடைன்னு சொன்னீங்களே. சர்க்கரை, கொழுப்பு, உப்பு அதிகமான பண்டத்தைப் பள்ளிக்குள்ளயும், வாசல்ல இருந்து எந்தப் பக்கம் 50 மீட்டர்லயும் பிள்ளைகளுக்கு விக்கக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதி இருக்கு; 2021 ஜூலையில இருந்து நடப்புல இருக்கு. நீங்க தனியாப் போய்க் கடைக்காரர்கிட்ட சண்டை போட்டா அவர் பிழைப்பைப் பத்திப் பேசுவார், நியாயமும் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல அந்த விதியைச் சொல்லி, தலைமையாசிரியர் மூலமா வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதச் சொல்லுங்க. கேக் சரத்தை எடுத்துட்டு அதே ஆணியில வாழைத்தாரு தொங்கவிடச் சொன்னா கடைக்காரரும் ஒத்துக்க வாய்ப்பிருக்கு. சுண்டல் பொட்டலம் போட்டா அவருக்கு லாபமும் கேக்கை விடக் கூட நிக்கும்.